கிண்டில் வாங்கலாமா, காகிதமே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடியும். வாங்கிவந்த பைகள் ஹாலில் கிடக்கும், அலமாரியில் இடம் இருக்காது, வீட்டில் யாராவது ஒருவர் முறைப்பார். "பேசாமல் ஒரு கிண்டில் வாங்கிவிடலாமா?" என்ற பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் கிளம்பும். அந்த யோசனையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கிண்டில் என்பது மின்னூல் படிக்க அமேசான் விற்கும் கருவி. வேறு கம்பெனிக் கருவிகளும் உண்டு என்பதால் பொதுவாகச் சொல்லும் இடங்களில் இ-ரீடர் என்றே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: மாறலாமா, வேண்டாமா?

கடைசியாகப் படித்த பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் மின்னூலாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஆறேழு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் அந்தப் பணத்துக்குப் புத்தகமே வாங்குங்கள். கண் வலிக்குமா, பேட்டரி நிற்குமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது. அநேகமாக எல்லாம் கிடைத்துவிடும். தமிழ் படிப்பவருக்கு முடிவே இதில்தான் இருக்கிறது.

இ-ரீடரும் டேப்லெட்டும் ஒன்றுதானே? தனியாக எதற்கு ஒன்று?

பார்க்க ஒன்றுபோல இருக்கும், திரை வேறு. டேப்லெட், போன் திரைகள் உங்கள் கண்ணை நோக்கி வெளிச்சம் பாய்ச்சுகின்றன. இ-ரீடரில் இருப்பது மின்-மைத் திரை. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்தது வந்தபடியே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. கடைசியாகத் திரையில் வந்தது, பேட்டரி தீர்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

இந்தத் திரையை உருவாக்கிய நிறுவனம் 1997-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து கிளம்பியது. 2004-இல் சோனி ஜப்பானில் ஒரு கருவி விற்றுப் பார்த்தது. 2007 நவம்பரில் கிண்டில் வந்த பிறகுதான் சாமானியர் கைக்குப் போனது.

குறை என்னவென்றால் மெதுவான திரை. வீடியோ ஓடாது. பக்கம் மாறும்போது சில நேரம் கறுப்பாக ஒருமுறை கண் சிமிட்டும். என்னைக் கேட்டால் இதுதான் அதன் பெரிய வசதி. வாட்ஸ்அப் வராத கருவி ஒன்று கையில் இருப்பது இந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

கண்ணுக்கு நல்லதாமே?

போனைவிட நல்லது. காகிதத்தைவிட நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மின்-மைத் திரையும் காகிதம் போலவே வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் தெரிகிறது. மொட்டைமாடி வெயிலில் போன் திரை மங்கும். இது இன்னும் பளிச்சென்று தெரியும். இருட்டில் படிக்க ஓரத்தில் சிறு விளக்குகள் உண்டு. அவற்றின் வெளிச்சம் எழுத்தின் மேல் விழுகிறது, நேராக உங்கள் கண்ணில் இல்லை. மற்றபடி மூன்று மணி நேரம் பார்வையை நகர்த்தாமல் எதைப் படித்தாலும் கண் களைக்கத்தான் செய்யும். கண்ணாடி போட வேண்டியவர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சங்கதி. படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு குறைகிறது, தூக்கம் வரத் தாமதமாகிறது என்று 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. அதை 'இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்' என்று பலர் பகிர்ந்தார்கள். அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது ஐபேட். மின்-மைத் திரையில் விளக்கைக் குறைத்து வைத்தோ, அணைத்துவிட்டு மேசை விளக்கிலோ படிப்பவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

திரையில் படித்தால் மனதில் நிற்காது என்கிறார்களே?

பாதி உண்மை. 2018-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். தகவல் சார்ந்த எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கதையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனே மாங்கன் குழுவினர் 2019-இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியமானது. ஒரே மர்மக் கதையைச் சிலருக்குக் காகிதத்திலும் சிலருக்குக் கிண்டிலிலும் கொடுத்தார்கள். கதை புரிந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. எந்தச் சம்பவம் முதலில் நடந்தது, எது பிறகு என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது காகிதத்தில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் படித்த பக்கங்கள் தடிக்க, வலது கையில் மீதி மெலிய, கதையில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கை கணக்கு வைத்துக்கொள்கிறதோ என்னவோ. 'அந்த வரி இடப்பக்கத்தில், அடியில் இருந்தது' என்று நினைவில் வைத்துத் தேடுகிறவராக நீங்கள் இருந்தால் இ-ரீடரில் அந்தப் பழக்கம் செல்லாது. எழுத்தளவை ஒரு புள்ளி மாற்றினாலே பக்கம் இடம் மாறிவிடும்.

ஆக, நாவலும் சிறுகதையும் இ-ரீடரில் படியுங்கள். பரீட்சைக்குப் படிப்பதைக் காகிதத்தில் படியுங்கள்.

தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுமா?

இன்று பெரும்பாலும் தெரியும். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியது. கடையில் வாங்கும் தமிழ் நூல்கள் அதன் பிறகு சிக்கலில்லாமல் திறக்கின்றன. மற்றக் கருவிகளிலும், வெளியிலிருந்து நாமே ஏற்றும் கோப்புகளிலும்தான் பார்த்து நடக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு என்ன தொல்லை என்றால், 'கொ' என்பது கணினிக்குள் 'க' முதலில், உயிர்க்குறி பிறகு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய், காலை வலப்பக்கம் வைத்து, நடுவே 'க'வைப் போட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு தனியாக நிற்கும். வாங்க நினைக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் ஒரு தமிழ்க் கோப்பை அதில் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கொ, கோ, கௌ, கை, ஸ்ரீ என ஐந்தும் சரியாக வந்தால் மீதியும் வரும்.

இன்னொன்று, வரி அமைப்பு. நம் சொற்கள் நீளம். 'எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று ஒரே சொல்லில் ஒரு வரியே முடிந்துவிடும். 6 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, இரு ஓரமும் நேராக நிற்கும் அமைப்பில் வைத்தால் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வரும். நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி அமைப்பை மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். தமிழ்தான் அதிகம் படிப்பீர்கள் என்றால் 7 அங்குலத் திரையாகப் பாருங்கள். அந்த ஒரு அங்குலம் ஆங்கிலத்தில் அவ்வளவு தெரியாது, தமிழில் தெரியும்.

மின்னூல்களில் எழுத்துப்பிழை அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, சில பதிப்புகளில். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, மெய்ப்புப் பார்க்காமலே ஏற்றிவிடுகிறார்கள். இப்படி வந்த நூலை அடையாளம் காண ஒரு வழி உண்டு. 'அவர்' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். மென்பொருளுக்கு 'ர'வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரிவதால் 'அவா்' என்று போட்டிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அந்த நூலில் 'அவர்' என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

கடையில் வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். முதல் நான்கு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தேடலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'மின்னூலில் எதையும் தேடலாம்' என்பார்கள். தமிழில் 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது, 'மரங்கள்' வராது. வேற்றுமை உருபோடு சேர்ந்து சொல் உருமாறுவது அந்தத் தேடலுக்குத் தெரியாது. 'மரத்' என்று வெட்டித் தேடிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

என் ரசனைக்கான தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்குமா?

எந்த வகை படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குடும்ப நாவல், மர்ம நாவல், பழைய வார இதழ்த் தொடர்கள் படிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், குவிந்து கிடக்கிறது. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் இவ்வகை நூல்கள் ஏராளம். வாரத்துக்கு இரண்டு முடிப்பவருக்கு இது மலிவான வழி. நவீன இலக்கியத்தில் காலச்சுவடு, கிழக்கு போன்ற பதிப்பகங்களின் நூல்கள் கணிசமாக உண்டு. புஸ்தகா என்ற மின்னூல் நிறுவனம் பழைய எழுத்தாளர்கள் பலரை மின்னூலாக்கியிருக்கிறது.

சிறு பதிப்பகக் கவிதைத் தொகுப்பு, சிற்றிதழ், போன மாதம் வந்த மொழிபெயர்ப்பு, ஆய்வு நூல், உரையோடு கூடிய பழைய இலக்கியப் பதிப்பு என்று போகிறவருக்குக் காகிதம்தான். சில நூறு பிரதிகள் அச்சிட்டு விற்கும் பதிப்பாளர், மின்னூல் போட்டால் மறுநாளே திருட்டுப் பிரதி சுற்றும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை ஆதாரமில்லாதது என்று தள்ளவும் முடியவில்லை.

வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் பிடிஎஃப்களைப் படிக்கத்தான் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம். மேலே சொன்ன பயத்துக்குக் காரணமே அதுதான். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதே ஓர் ஆயுளுக்குத் தாங்கும். அதைப் படித்து முடித்துவிட்டு வந்து பேசுங்கள்.

அப்படி இலவசமாக எங்கே கிடைக்கிறது?

இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் எழுத்து பொதுவுடைமை. அதற்கு முன்பே தமிழக அரசு பலருடைய எழுத்தை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியிலிருந்து தொடங்கும் பட்டியல் அது. தமிழகத்துக்கு வெளியே பார்த்தால் இவ்வளவு பேருடைய படைப்பை அரசே வாங்கித் திறந்துவிடும் வழக்கத்தை அதிகம் காண முடியாது. மின்னூல் வாசகருக்கு இது பெரிய கொடை.

1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்து ஏற்றப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தது அது.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் 2013 முதல் இயங்குகிறது. எழுத்தாளர்களே பகிர்வுரிமையோடு தந்த நூல்கள் இங்கே உண்டு. மின்னூலுக்கான ஈபப் வடிவக் கோப்பும் கிடைக்கும், 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் கிடைக்கும். புதிதாக வாங்கியவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

இலங்கைத் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையதளம். ஈழத்து இதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள் வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் உண்டு. இவை இரண்டிலும் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். அதில்தான் அடுத்த சிக்கல்.

ஸ்கேன் பிடிஎஃப் இ-ரீடரில் திறக்குமா?

திறக்கும், படிக்க முடியாது. ஈபப் என்பது எழுத்துகளின் கோப்பு. திரைக்கு ஏற்ப வரி மடிந்துகொள்ளும். ஸ்கேன் பிடிஎஃப் என்பது பக்கத்தின் புகைப்படம். ஒரு முழுப் பக்கத்தை 6 அங்குலத்தில் சுருக்கினால் எழுத்து கடுகளவு ஆகிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் அந்த மெதுவான திரையில்.

கருவியைப் படுக்கவாட்டில் திருப்பி, பக்கத்தை மேல்பாதி கீழ்பாதியாகப் படிக்கலாம். சின்ன அளவுப் பழைய புத்தகங்களுக்கு இதுவே போதும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள், பக்கப் படத்தைச் சொல் சொல்லாக வெட்டி, சின்னத் திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தரும். தமிழா ஆங்கிலமா என்பது அதற்குப் பொருட்டே இல்லை, எல்லாமே படம்தான். இதெல்லாம் பொறுமையைச் சோதிக்கிறது என்றால், நீங்கள் படிப்பதில் பெரும்பகுதி ஸ்கேன் என்றால், 10 அங்குலத் திரையுள்ள கருவி பாருங்கள். அல்லது டேப்லெட்டே போதும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடநூல்களைத்தான் புரட்டுகிறார்கள். அவை பெரிய பக்கம், வண்ணப் படம், பெட்டிச் செய்தி, அட்டவணை என்று இருப்பவை. சின்ன இ-ரீடரில் ஒரு பக்கம்கூடத் தாண்ட மாட்டீர்கள்.

பணக் கணக்கு என்ன சொல்கிறது?

கிண்டில் வகையில் 7 அங்குலத் திரையுள்ள பேப்பர்வொயிட் 2025-இல் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு வந்தது. அதையே வைத்துக் கணக்குப் போடுவோம். மின்னூலாக வாங்குவதால் ஒரு புத்தகத்துக்குச் சராசரியாக 150 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். போட்ட பணம் திரும்ப 114 புத்தகம் வாங்க வேண்டும். மாதம் இரண்டு படிப்பவருக்கு ஏறத்தாழ ஐந்து வருடம். மாதம் ஐந்து படிப்பவருக்கு இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் சில வரவுகள் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி. படித்து முடித்ததைப் பழைய புத்தகக் கடையில் போட்டால் ஏதோ தேறும். மின்னூலை விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. (இரவல் கொடுக்க முடியாததை லாபக் கணக்கில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். போன புத்தகம் எது திரும்பி வந்திருக்கிறது?)

பணத்துக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராவது இரண்டையும்விட மலிவு.

வாங்கிய மின்னூல் எனக்குச் சொந்தம்தானே?

இல்லை. நீங்கள் வாங்குவது படிப்பதற்கான உரிமம். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' நாவல்களை வாங்கியிருந்தவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். அரசு எல்லாவற்றையும் அழித்துத் திருத்தும் கதைக்கே அது நேர்ந்தது என்பதால் உலகமே பேசியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் கடையோடு போயின. அங்கேயும் பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகம் போனது போனதுதான்.

வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. ஆகவே பேரப்பிள்ளைக்கு விட்டுப்போக நினைக்கும் புத்தகத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். ஒருமுறை படித்துவிட்டு மறக்கப்போகும் நாவலுக்கு உரிமமே தாராளம். பூட்டில்லாமல் கிடைக்கும் ஈபப் கோப்புகளை உங்கள் கணினியில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள். அதை யாரும் அழிக்க முடியாது.

எந்தக் கருவி வாங்குவது?

இந்தியாவில் இருந்துகொண்டு தமிழ் மின்னூல்களை விலைக்கு வாங்கிப் படிப்பவர் என்றால் கிண்டில். தமிழ்க் கடை அதில்தான் பெரியது. கோபோ நல்ல கருவி, ஈபப்பை நேரடியாகத் திறக்கும், நூலக இரவல் உண்டு. ஆனால் இந்தியாவில் முறையான விற்பனை இல்லை, பழுதானால் அலைய வேண்டும். பூக்ஸ் கருவிகள் ஆண்ட்ராய்டில் ஓடுபவை. கிண்டில் செயலியையும் போடலாம், பெரிய திரையும் கிடைக்கும். விலை அதிகம், கூடவே கவனத்தைச் சிதறடிக்கும் செயலிகளும் உள்ளே வந்துவிடும்.

கனடாவில் இருக்கிறேன். எனக்கு இந்தக் கணக்கு மாறுமா?

தலைகீழாக மாறும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு நாவலை வரவழைத்தால் புத்தக விலையைத் தபால் செலவு தாண்டிவிடும். ஊர் போய்வரும் யாரிடமாவது சொல்லி அனுப்பினால், அவர் பெட்டியில் 23 கிலோவுக்குள் முறுக்குக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே உங்கள் புத்தகத்துக்கு எத்தனை இடம் இருக்கும்? வெளிநாட்டுத் தமிழருக்கு மின்னூல் ஏறக்குறைய அவசியம்.

கோபோ டொரொண்டோவில் பிறந்த நிறுவனம், கனடாவில் கடைகளில் கிடைக்கும். பொது நூலக மின்னூல்களைக் கருவியிலிருந்தே இரவல் எடுக்கலாம். நூலக மின்னூல்களை இரவல் எடுக்க உதவும் லிபி (Libby) செயலியில் எடுத்த நூலைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் செலவழிக்கலாம்.

அம்மாவுக்கு எழுபது வயது. பொடி எழுத்து படிக்கக் கஷ்டப்படுகிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் தயங்காமல் ஆமாம் என்பேன். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஐந்து பாகச் சரித்திர நாவலின் ஒரு பாகத்தைத் தூக்கி மார்பில் வைத்துப் படிக்க முடியாதவர், சுமார் 200 கிராம் கருவியைப் பிடித்துக்கொள்வார். கண்புரை அறுவைக்குப் பிறகு படிப்பையே விட்டவர்கள் மீண்டும் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால் அது பீரோவில் தூங்கும். கணக்குத் திறப்பது, வைஃபை, புத்தகம் வாங்குவது மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்தபடியே அவர் கருவிக்குப் புத்தகம் அனுப்பலாம். அவர் செய்ய வேண்டியது திறப்பதும் பக்கம் திருப்புவதும் மட்டும் என்று ஆக்குங்கள். வயதானவர்களின் உலர்ந்த விரலைத் தொடுதிரை சில சமயம் கண்டுகொள்ளாது. அப்படியென்றால் பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவி தேட வேண்டும். கோபோ லிப்ராவில் உண்டு. கிண்டிலில் பொத்தான் வைத்திருந்த ஒயாசிஸ் இப்போது வருவதில்லை.

குழந்தைகளுக்கு?

படப் புத்தகம் படிக்கும் வயதில் வேண்டாம். கிழிக்கட்டும், கிறுக்கட்டும்.

புத்தக வாசனை இல்லாமல் எப்படிப் படிப்பது?

புது மையின் வாசனை பிடிக்கும்தான். மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் வருவதும் புத்தக வாசனைதான், பூஞ்சை வாசனை. இராமபாணப் பூச்சி துளைத்த பக்கத்தில் வரியை ஊகித்துப் படித்தவர்களும், 2015 வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மொத்தமாகக் குப்பையில் போட்டவர்களும் வாசனையைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

வீட்டில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது?

அவசரப்பட வேண்டாம். கவிதை, அகராதி, கையெழுத்துப் போட்டு வாங்கியவை, மறுபதிப்பு காணாதவை, அடிக்கடி நடுவிலிருந்து புரட்டுபவை எல்லாம் இருக்கட்டும். கவிதையை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய எழுத்தில் வைத்தால் கவிஞர் உடைத்த வரியைக் கருவி இன்னொரு முறை உடைக்கும். சமையல் புத்தகமும் காகிதத்தில் இருப்பதே நல்லது, மஞ்சள் கறை பட்டாலும் பரவாயில்லை.

ஒருமுறை படித்த நாவல்களை வெளியே அனுப்பலாம். ஊர் நூலகம், பள்ளி, தெரிந்தவர்கள் என்று யாருக்குத் தேவையோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் கொண்டுபோய் இறக்குவது தானம் ஆகாது. தாத்தா சேர்த்த பழைய இதழ்கள், ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய சிறு வெளியீடுகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் விசாரியுங்கள். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்ததுதான்.

வாங்காமலே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. கிண்டில் செயலியைப் போனில் இலவசமாகப் போட்டு, ஒரு முழு நாவலைப் படித்து முடியுங்கள். கண் வலித்தாலும் பரவாயில்லை, அது போன் திரையின் குறை. கவனிக்க வேண்டியது, பக்கம் இல்லாத புத்தகத்தோடு உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்பதை. நாவல் நடுவில் நின்று, காகிதப் பிரதியைத் தேடிப் போகத் தோன்றினால் பதில் கிடைத்துவிட்டது. இன்ஸ்டாகிராம் பக்கம் போனதால் நின்றது என்றால் அது வேறு பதில். உங்களுக்குத்தான் இ-ரீடர் தேவை.

வாங்கியாச்சு. முதலில் என்ன செய்ய வேண்டும்?

இடப்பக்க வரி அமைப்பை வையுங்கள். எழுத்தளவை வரிக்கு ஐந்து சொல்லாவது வருமாறு அமையுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, புத்தகம் இறங்கியதும் விமானப் பயண நிலையில் போட்டுவிடலாம். கணினியில் காலிபர் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கோவிட் கோயல் என்ற இந்திய நிரலாளர் உருவாக்கிய இலவச மென்பொருள் அது; கோப்பு வடிவம் மாற்றவும், நூலாசிரியர் பெயர், அட்டை எல்லாம் சரிசெய்யவும் உதவும். 2022 முதல் ஈபப் கோப்பை அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியாக நேரடியாக அனுப்பலாம், மாற்றும் வேலையும் மிச்சம்.

அப்புறம் ஒரே நாளில் இருநூறு இலவச நூல்களை இறக்கி வைக்காதீர்கள். மூன்று போதும். ஒன்று முடிந்ததும் நான்காவதை இறக்குங்கள்.